புகைப்போர் பதிவேட்டில் ஒன்பதாம் பெயர்

அனுப்புநர்
நேரப் பதிவு எழுத்தர்,
பேருந்துக் கூடு கட்டும் ஆலை.
(பெயர், வீட்டு முகவரி, பணியாளர் எண் ஆகியவை மூடிய உறையில் தனியே உள்ளன. இத்தகைய மனுக்களின் நகல் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுவது வழக்கம் என்பதால், இதில் வரும் எவருடைய பெயரையும் நான் எழுதவில்லை.)

பெறுநர்
மறுஆய்வு அலுவலர் அவர்கள்,
தொழில்வழி நோய்கள் பிரிவு,
தொழிலாளர் நலத் துறை.

பொருள்: பெயிண்ட் பிரிவில் இருபத்துமூன்று ஆண்டுகள் தெளிப்பாளராக வேலை செய்தவருக்கு வந்திருக்கும் நுரையீரல் புற்றுநோய் 'சொந்தப் பழக்கத்தால் வந்தது' என்ற மருத்துவக் குழுவின் முடிவை ரத்து செய்யவும், அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பதிவேடு பொய்யானது என அறிவிக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: மருத்துவக் குழுவின் சென்ற மாத உத்தரவு, பக்கம் 2, பத்தி 4.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி தெளிப்பாளர் என் தங்கையின் கணவர். வயது நாற்பத்தேழு. தொழிலாளர் மருத்துவமனையின் மார்பு நோய்ப் பிரிவில் ஆறாம் எண் கட்டிலில் இருக்கிறார். இந்த மனுவை அவரே எழுதுவதாகத்தான் இருந்தது. இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் இருமல் வந்தது. அந்தத் தாள் தங்களுக்கு அனுப்பும் நிலையில் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கு வேறு காரணமும் உண்டு; ஐந்தாம் பத்தியில் அதைச் சொல்கிறேன்.

2. குழுவின் உத்தரவில் உள்ள வாசகம் இது: 'நோயாளி பதினேழு ஆண்டுகளாக நாளொன்றுக்கு மூன்று முறை பணிநேரத்தில் புகைத்துள்ளார் என்பது ஆலையின் புகைப்போர் பதிவேட்டால் ஐயமின்றி நிறுவப்படுகிறது. ஆண்டுக்கு முந்நூறு பணிநாள் எனக் கொண்டால், பணியிடத்தில் மட்டும் ஏறத்தாழ 15,300 சிகரெட்டுகள். எனவே நோய் பணியால் வந்ததாகக் கொள்ள இடமில்லை.' இந்த முடிவின்படி, வரும் முப்பதாம் தேதியோடு அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறும் உரிமை அவருக்கு முடிகிறது. ஆறு சுற்று மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். மூன்று முடிந்திருக்கிறது.

இதைப் படித்தபோது, வேறு யாருடைய உத்தரவையோ உறை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பணியாளர் எண்ணைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. தகப்பனார் பெயரைப் பார்த்தேன். அதுவும் சரி. ஐயா, இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்றவைத்ததில்லை. குழுவில் மூன்று மருத்துவர்கள். பதினைந்தாயிரத்து முந்நூறு வரை பெருக்கிப் பார்க்க நேரம் கிடைத்த அவர்களில் ஒருவருக்காவது, கட்டிலில் கிடப்பவரிடம் 'நீங்கள் புகைப்பீர்களா' என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

உத்தரவின் பின்னால் பதிவேட்டின் ஒரு பக்கம் நகலெடுத்து இணைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்தேன். அது என் கையெழுத்து.

3. முதலில் அவருடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். உத்தரவில் அதைப் பற்றி இருப்பது 'வண்ணம் பூசும் பணி' என்ற மூன்று சொற்கள் மட்டுமே.

பேருந்தின் வெளிப்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க விசிறிகள் வைத்த தனி அறை இருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவார்கள். இவர் வேலை செய்தது பேருந்துக் கூட்டின் உள்ளே. இருக்கைகள் பொருத்துமுன் அது நீளமான ஒரு தகரப் பெட்டி. ஜன்னல்களைக் காகிதம் ஒட்டி அடைத்துவிடுவார்கள். கதவைச் சாத்திவிடுவார்கள். விசிறி வைக்க மாட்டார்கள். காற்று அசைந்தால் தூசி கிளம்பி ஈர வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும், மேற்பரப்பு பொரிப் பொரியாகிவிடும், திரும்ப உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு ஆள், கையில் தெளிப்புத் துப்பாக்கி. முதலில் தகரத்துக்கு மஞ்சள் பிரைமர், அது காய்ந்த பிறகு பலகைகளுக்கு வார்னிஷ். முகத்துக்கு வாரம் ஒரு துணிக்கவசம் தருவார்கள். அது கெட்டிப்பட்டுப் போனால் தின்னரில் அலசிக் காயவைத்து மறுபடி கட்டிக்கொள்வார்கள். அந்தப் பிரிவில் எல்லோரும் செய்வது அதுதான். சுத்தமாக இருக்கிறோம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

வீட்டில் அவருடைய கைக்குட்டைகளை என் தங்கை தனியாகத் துவைப்பாள். மூக்கைச் சிந்தினால் மஞ்சளாக வரும். இதை ஒருமுறை அவர் தம்முடைய மேற்பார்வையாளரிடம் சொன்னார். 'ஏன்யா, வண்டிக்கு ஒரு கோட்டு அடிச்சிட்டு உன் மூக்குக்கு ரெண்டு கோட்டு அடிக்கிறியா?' என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பெயிண்ட் பிரிவுக்குப் பிரைமர் வெள்ளை வாளிகளில்தான் வரும். அசல் டப்பா கிடங்கிலேயே தங்கிவிடும். நோய் இன்னதென்று தெரிந்த மறுநாள் நான் கிடங்குக்குப் போய் அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'மூச்சுவழி உட்சென்றால் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பக்கத்தில் படமும் போட்டிருந்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்காக. நான் முதுகலை படித்தவன். அந்த ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். அந்த டப்பாவை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். பெயிண்ட் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருகிறது என்பது மருத்துவ உலகம் எப்போதோ ஒப்புக்கொண்ட விஷயம் என்பதையும் அதன் பிறகுதான் படித்தறிந்தேன். குழுவில் இருந்த மூவரும் இதைப் பாடமாகவே படித்திருப்பார்கள்.

4. இனி அந்தப் பதிவேடு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வெல்டிங் பிரிவு ஆள் ஒருவர் தின்னர் கிடங்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று புகைத்தார். ஒரு பீப்பாய் பற்றிக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை, கூரை பாதி போயிற்று. அப்போதைய மேலாளர் ஒரு விதி கொண்டுவந்தார். புகைக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒளிந்து புகைக்காமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சுற்றுச்சுவருக்கு வெளியே உள்ள கொட்டகைக்குப் போய் வரலாம். பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு உணவு இடைவேளை தவிர வேறு இடைவேளை கிடையாது.

அந்தச் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். தொழிலாளியிடமிருந்து தின்னரைக் காப்பாற்ற விதி எழுதிய ஆலையில், தின்னரிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்ற ஒரு வரி இல்லை என்பது தட்டச்சு செய்தபோது எனக்கு உறைக்கவில்லை. அந்த மேலாளர் இப்போது பாதுகாப்புத் துறைத் தலைவர். நான் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். அது வேறு மனுவுக்கான விஷயம்.

5. விதி வந்த மறு வருடம், ஒரு நாள் முற்பகலில், என் தங்கையின் கணவர் பேருந்துக் கூட்டுக்குள் தலைசுற்றி விழப் பார்த்தார். மேற்பார்வையாளரிடம் போய்ப் பத்து நிமிடம் வெளியே காற்றுப்பட நின்றுவிட்டு வருகிறேன் என்று கேட்டார்.

'பீடி, சிகரெட் உண்டா?'

'இல்லீங்க.'

'அப்புறம் வெளியே போய் என்ன பண்ணப்போறே? மேகத்தை எண்ணப்போறியா? போய் வேலையைப் பாருய்யா.'

அவர் நேரே என் அறையின் ஜன்னலுக்கு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. எனக்கும் அந்த மேற்பார்வையாளருக்கும் ஏற்கெனவே ஆகாது. 'அந்த ஆளுகிட்டப் போய் எதுக்கு மாப்பிள்ளை கெஞ்சுறீங்க? பதிவேடு என் கையிலதான இருக்கு. பேரை எழுதிடறேன், தினம் மூணு தடவை ராஜாவாட்டம் வெளியே நின்னுட்டு வாங்க' என்றேன். 'பொய்யாச்சே மச்சான்' என்றார். 'இதுல யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்டுவிட்டு, ஒன்பதாம் வரிசையில் அவர் பெயரை எழுதினேன். 'பழக்கம்' என்ற கட்டத்தில் 'சிகரெட்' என்றும் எழுதினேன். விசாரித்து எழுதியதற்கு அடையாளமாகச் சுருக்கொப்பமும் இட்டேன்.

விஷயம் பரவியது. பெயிண்ட் பிரிவிலிருந்து இன்னும் எட்டுப் பேர் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். அவர்கள் பெயர்களையும் எழுதினேன். இன்று அந்தப் பிரிவிலிருந்து பதிவேட்டில் உள்ளவர்கள் பதினான்கு பேர். அவர்களில் உண்மையில் புகைப்பவர்கள் ஐந்து பேர். மற்ற ஒன்பது பேரும் மூச்சு விடுவதற்காகப் புகைப்பவர்கள் ஆனவர்கள்.

6. மேற்பார்வையாளர் சில நாள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு. அதற்காக என் தங்கையின் கணவர் சட்டைப்பையில் ஒரே ஒரு சிகரெட் வைத்திருப்பார். வெளியே போனதும் அதை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களின் புகை ஆகாது என்பதால், கொட்டகைக்குள் போகாமல் அதை ஒட்டிய கால்வாயைத் தாண்டி நிற்பார். உள்ளே வருமுன் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்வார். அது நைந்து புகையிலை உதிரும்வரை மூன்று நான்கு மாதம் வரும். பிறகு வேறொன்று. அதையும் கடைக்குப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு என்னைத்தான் வாங்கித் தரச் சொல்வார்.

பிரிவில் அவருக்குப் பெயரே 'ஒத்தச் சிகரெட்டு' என்று ஆகிவிட்டது. இந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் அதிகம் கூப்பிட்டது மேற்பார்வையாளர்தான். 'யோவ் ஒத்தச் சிகரெட்டு, மேகம் எண்ணினது போதும், பிரைமர் காயுது, உள்ள வா' என்று அவர் கத்துவது என் அறைவரை கேட்கும். அவருக்குத் தெரியும் ஐயா. அதே மேற்பார்வையாளர்தான், 'இவர் வழக்கமாகப் புகைப்பவர் என அறிவேன்' என்று மருத்துவக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

7. உத்தரவுக்குப் பிறகு, ஆலை மருத்துவரிடம் உள்ள இவருடைய கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினேன். ஆண்டுதோறும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வலுவைச் சோதிப்பார்கள். முடிவு ஒட்டிய உறையில் மருத்துவருக்குப் போகும். தொழிலாளிக்குக் காட்டுவதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் இவருடைய மூச்சு நூற்றுக்கு எண்பத்தெட்டு. அடுத்த ஆண்டு எண்பத்திரண்டு. பிறகு எழுபத்தைந்து, அறுபத்தொன்பது, அறுபது. சென்ற ஆண்டு ஐம்பத்தொன்று. ஒவ்வொன்றின் கீழும் ஒரே ரப்பர் முத்திரை: 'பழக்கம் காரணம். மேல் சோதனை தேவையில்லை.'

அதே பிரிவில், பதிவேட்டில் பெயர் இல்லாத இருவருக்கு மூச்சு எண்பதுக்குக் கீழே இறங்கியதுமே ஊடுகதிர்ப் படம் எடுத்திருக்கிறார்கள். பெயிண்ட் வாடையே இல்லாத பிரிவுக்கு மாற்றியும் இருக்கிறார்கள்; காரணத்தோடு வந்த அந்த மாற்றல் ஆணைகள் என் அறையில்தான் இருக்கின்றன. அவர்கள் இருவரும் இன்று நன்றாக நடமாடுகிறார்கள்.

யார் யாருக்கு அந்த முத்திரை குத்த வேண்டும் என்று மருத்துவருக்கு எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு ஜனவரியிலும் புகைப்போர் பட்டியலின் ஒரு பிரதி மருத்துவருக்குப் போகும். அதைத் தயாரித்து, உறையிலிட்டு, அனுப்பியவன் நான். எதற்காகக் கேட்கிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கோப்பைப் படித்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த செவிலியர், நான்தான் நோயாளி என்று நினைத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆலை மருத்துவர் இவரிடம், 'சிகரெட்டை விட்டுத் தொலைப்பா' என்று சொன்னாராம். உண்மையைச் சொன்னால் பத்து நிமிடம் போய்விடுமே என்று பயந்து, 'கொறைச்சுக்கிறேன் டாக்டர்' என்று இவர் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அப்போது அவருக்கு மூச்சு அறுபது.

8. எங்கள் தகப்பனார் புகைத்துப் புகைத்தே இறந்தவர். தங்கைக்கு அப்போது பதினைந்து வயது. இந்த வரன் வந்தபோது அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: 'சிகரெட் பிடிப்பாரா அண்ணே?' 'கையால தொட்டதில்ல' என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டினாள்.

குழுவின் உத்தரவு வீட்டு முகவரிக்குத்தான் போனது. முதலில் படித்தவள் அவள். மருத்துவமனைக்கு வந்து, அந்தத் தாளைப் போர்வையின் மீது வைத்தாள். 'பதினஞ்சாயிரத்து முந்நூறாம். எண்ணிப் போட்டிருக்காங்க. ஒருநாள்கூட எனக்கு வாடை அடிக்கலியே, அவ்வளவு மக்கா நான்?' என்று அவரைக் கேட்டாள். அவர் பேச முயன்றார்; இருமல் விடவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். 'அண்ணே, உனக்கும் தெரியுமா? சேர்ந்துதான் மறைச்சீங்களா?'

நடந்ததைச் சொன்னேன். அவள் நகலை எடுத்து அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். அடையாளம் சொல்லத் தேவையிருக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்தான் கையை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: 'மச்சான ஒண்ணும் சொல்லாத. அந்தப் பத்து நிமிஷம் இல்லேன்னா... நான் எப்பவோ போயிருப்பேன்.'

மருத்துவப்படி இது சரியா என்று எனக்குத் தெரியாது. இதை நான் சாட்சியமாகவும் வைக்கவில்லை. அன்றிலிருந்து என் தங்கை என்னிடம் பேசுவதில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. மற்ற எட்டுப் பேரையும் சாட்சி சொல்ல அழைத்தேன். ஒருவரும் கையொப்பம் இடவில்லை. அவர்களில் ஒருவர், தகரத்தின் பள்ளங்களைப் பட்டி பூசி நிரப்புகிறவர், என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்: 'அண்ணே, நான் சிகரெட் பிடிக்கிறதில்லன்னு எழுதிக் கொடுத்தா நாளையிலேர்ந்து என்னை வெளியே விடுவானா? ஒத்தச் சிகரெட்டுக்காக நான் உயிரை விடுவேன்ணே. ஆனா மூச்சை விடணுமே, அதுக்கு நான் எங்க போவேன்?' எனக்கு ஆத்திரம் வந்தது. நன்றி கெட்டவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் அவர்கள் கேட்பது நியாயம். இப்போதும் அவர்கள் எட்டுப் பேரும் அதே தகரப் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய கோப்புகளிலும் அந்த முத்திரைதான் விழுந்துகொண்டிருக்கும்.

இதனால் தங்கள் முன் வைக்க என்னிடம் இருக்கும் சாட்சி ஒருவர்தான். அது நான்.

10. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

அ) முப்பதாம் தேதிக்கு முன் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ ஆறாம் எண் கட்டிலுக்கு வந்து அவரை நேரில் விசாரிக்க வேண்டும். முற்பகலில் வந்தால் நல்லது. பிற்பகலில் அவருக்குப் பேச முடிவதில்லை.

ஆ) அந்த எட்டுப் பேரையும் விசாரிக்குமுன், இடைவேளை பெயிண்ட் பிரிவில் எல்லோருக்கும் உண்டு, எவரும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஆலைக்கு உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவு கையில் கிடைத்த பிறகு கேட்டுப் பாருங்கள். உண்மை தானாக வரும். அவர்கள் எல்லோருக்கும் முத்திரை குத்தாத ஒரு மருத்துவரைக் கொண்டு மார்புச் சோதனை செய்ய வேண்டும்.

இ) ஆலை நிர்வாகத்தின் சட்ட ஆலோசகரிடம் வாய்மொழியாகக் கேட்டபோது, 'பதிவேடு ஆலையின் ஆவணம், அது பொய் என்று அதிகாரம் உள்ள ஒருவர் தீர்மானிக்கும்வரை மெய்தான்' என்றார். விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். ஆவணத்தில் அறிந்தே பொய் எழுதிய ஊழியர் மீது குற்ற நடவடிக்கை எடுத்து அது நிரூபணமானால், அந்தப் பதிவு செல்லாததாகிவிடும். வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனவே, ஒன்பதாம் வரிசையில் உள்ள பெயரைப் பொய்யென்று அறிந்தே எழுதிய குற்றத்துக்காக என் மீது உடனடியாக நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன். நான் மறுக்க மாட்டேன், வழக்கறிஞர் வைக்க மாட்டேன், அவகாசம் கேட்க மாட்டேன். வேலை போகும் என்பது தெரியும். தண்டனை எதுவானாலும், அது முப்பதாம் தேதிக்குள் எழுத்தில் கிடைத்துவிட்டால் போதும். நான்காவது சுற்று மருந்து அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஏற்ற வேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தை எழுதியவன்,
(கையொப்பம்)
நேரப் பதிவு எழுத்தர்.

இடம்: மார்பு நோய்ப் பிரிவின் வெளித் தாழ்வாரம்
நாள்: இம்மாதம் பதினொன்றாம் தேதி

இணைப்புகள்:
1. மருத்துவக் குழுவின் உத்தரவு, நகல்.
2. புகைப்போர் பதிவேட்டின் பக்கம், நகல்.
3. ஆறு ஆண்டு மூச்சுச் சோதனை முடிவுகள், முத்திரைகளோடு.
4. குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் எழுதிய வாக்குமூலம்.
5. இணைப்பு 2-உடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, என் கையெழுத்தின் மாதிரி. 'இவர் புகைப்பதில்லை' என்ற வாக்கியத்தைப் பத்து முறை எழுதியிருக்கிறேன்.